மலைக்குப் பின்னால் இருந்தவர்கள்

1941ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி இரவு, பினாங்கில் ஓர் அரசாங்கம் கப்பலேறிப் போனது. 1786இல் பிரான்சிஸ் லைட் கொடியேற்றியதிலிருந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தீவை ஆண்டவர்கள், வெள்ளையர்களை மட்டும் சத்தமில்லாமல் திரட்டிக்கொண்டு தெற்கே சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களிடம் குமாஸ்தாவாக, தாதியாக, போலீஸ்காரராக வேலை பார்த்த சீனர், மலாய்க்காரர், தமிழர், யூரேசியர் எல்லாரும் தீவிலேயே கிடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு விஷயமே விடிந்த பிறகுதான் தெரிந்தது. 19ஆம் தேதி ஜப்பானியப் படை வந்து இறங்கியது. இடைப்பட்ட இரண்டு மூன்று நாட்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதைப் பிரிட்டிஷாரின் மானம் கப்பலேறிய கதையாகவே எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்த ஒரு தீவு, காவலும் நிர்வாகமும் இல்லாமல், குண்டுவீச்சில் சிதைந்த நகரத்தோடு, ஏன் தன்னைத்தானே தின்று தீர்க்கவில்லை என்ற கேள்வி அந்தக் கதையில் எழுவதே இல்லை. அந்தக் கேள்விக்கான விடை நகரத்தில் பாதியும், மலைக்கு அந்தப்பக்கம் பாலிக் புலாவில் மீதியுமாகக் கிடக்கிறது. சாதாரண மக்கள் தினசரி ஒருவருக்கொருவர் காட்டிவந்த, பேர் சொல்ல முடியாத அளவுக்குச் சின்னதான அன்புதான் அந்த விடை என்று எனக்குத் தோன்றுகிறது. இது கேட்பதற்கு இனிப்பான பேச்சாக இருப்பதால், ஆதாரத்தோடு உரசிப் பார்ப்பது அவசியம்.

டிசம்பர் 8ஆம் தேதி மலாயாவில் போர் தொடங்கியது. 11ஆம் தேதி காலை ஜார்ஜ் டவுன் மேலே ஜப்பானிய விமானங்கள் வந்தபோது ஜனங்கள் ஓடி ஒளியவில்லை. வீதிக்கு வந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். நகரத்தைக் காக்க விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுகூட இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. கடைத்தெருக்கள் நெருங்கிய பகுதியில் குண்டுகள் விழுந்தன. பீச் ஸ்ட்ரீட்டில் இருந்த தீயணைப்பு நிலையமே அடிபட்டதால், மூண்ட நெருப்பை அணைக்கவும் வழியில்லாமல் போனது. அடுத்தடுத்த நாட்களிலும் விமானங்கள் வந்தன. துறைமுகக் கூலிகளும் நகராட்சித் தொழிலாளர்களும் ஊரைவிட்டு ஓடினார்கள். ஃபெர்ரி ஓட்டிய ஆட்களும் இல்லை. 10ஆம் தேதி குவாந்தான் கடலில் மூழ்கடிக்கப்பட்ட ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ போர்க்கப்பல்களிலிருந்து உயிர் தப்பிய மாலுமிகளைக் கொண்டுவந்து அந்த ஃபெர்ரிகளை ஓட்டினார்கள். உலகின் பெரிய கடற்படைகளில் ஒன்று, கடைசியில் பினாங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே படகோட்டியது. இடிபாடுகளுக்கு அடியில் பிணங்கள் அழுகத் தொடங்கின. கொள்ளையும் நடந்தது, அதை மறைப்பதில் பயனில்லை.

இந்த நிலையில் ஊரைக் கையில் எடுத்தவர்களில் முன்னால் நின்றவர் ஒரு யாழ்ப்பாணத் தமிழர். மாணிக்கசோதி சரவணமுத்து, ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர். அவரும் சீன, மலாய், இந்திய, யூரேசியச் சமூகங்களைச் சேர்ந்த சிலரும் சேர்ந்து பினாங்கு சேவைக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். அதற்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு அங்கே யாரும் இல்லை. தொண்டர்களைக் கொண்டு காவல் போட்டார்கள், அரிசியைப் பங்கிட்டார்கள், செத்தவர்களைப் புதைக்க ஏற்பாடு செய்தார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவரும் சரவணமுத்துவே. போனவர்கள் உடைக்காமல் விட்டுப்போன வானொலி நிலையத்தை இயக்கி, ஊரில் படை எதுவும் இல்லை, இனிக் குண்டு போடாதீர்கள் என்று ஜப்பானியருக்கு அறிவித்தார். (அதே நிலையத்திலிருந்து பிறகு ஜப்பானியர் சிங்கப்பூரைக் கேலி செய்து ஒலிபரப்பினார்கள் என்பது தனிக் கதை.) போர் முடிந்தபின் இலங்கையின் தூதராகப் பணியாற்றிய அவர் ஒரு சுயசரிதையும் எழுதினார். ஆகவே அவர் பெயர் நிலைத்தது. பிணம் தூக்கியவர்களின் பெயரும், அரிசி அளந்தவர்களின் பெயரும் நிலைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குண்டு விழுந்த ஊரில், ஒருவரையொருவர் முன்பின் அறியாத நான்கு சமூகத்தார் ஒரே இரவில் கூடி ஒரு குழு அமைக்க முடியாது. பத்திரிகை அலுவலகம், விளையாட்டுக் கழகம், பள்ளிக்கூடம், விமானத்தாக்குதல் முன்காப்புப் பயிற்சி என்று பல ஆண்டுகள் முகம் பார்த்துப் பழகியவர்களால்தான் அது முடியும்.

அந்த நாட்களில் நகரத்தை விட்டு ஓடியவர்கள் எங்கே போனார்கள்? ஒரு கூட்டம் ஆயர் ஈத்தாம் பக்கம் போனது. இன்னொரு கூட்டம் மலையைத் தாண்டிப் பாலிக் புலாவுக்குப் போனது. பினாங்குத் தீவின் நடுவே வடக்கு தெற்காக மலைத்தொடர் கிடக்கிறது. 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலை அதன் உச்சி. கிழக்கே துறைமுகமும் நகரமும். மேற்கே, தீவின் முதுகுப்புறத்தில், வயலும் தோப்பும், கம்பம் எனப்படும் மீனவச் சிற்றூர்களும். இரண்டையும் இணைத்தது மலையை வளைந்து வளைந்து ஏறி இறங்கும் சாலை. குழந்தையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் நடந்தவர்களுக்கு, இறங்கும் இடத்தில் அரசாங்க முகாம் எதுவும் காத்திருக்கவில்லை. பதிவேடு வைத்து வரவேற்க அதிகாரியும் இல்லை. ஆகவே அவர்கள் தங்கியது வேறு எங்கும் இருக்க முடியாது: உறவினர் வீட்டுத் திண்ணை, தோப்புக் காவல் குடிசை, கம்பத்து வீட்டின் கீழ்ப்பகுதி, கோயில், பள்ளி. சோறு வந்தது அடுத்த வீட்டுப் பானையிலிருந்து. வரலாற்று ஆவணங்களில் இந்தப் பானைக்கு இடமில்லை. சாதாரண மனிதர்களின் அன்பைப் பற்றி எழுதுபவனுக்கு இதுதான் பெரிய தொல்லை. ராணுவம் நாட்குறிப்பு எழுதும், பானை எழுதாது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் போய்த் தங்கிய ஓர் ஊரில் அரசு உதவி இல்லை என்றால், அவர்களை அந்த ஊர்க்காரர்கள்தான் தாங்கினார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

பாலிக் புலாவ் வந்தவர்களைத் தாங்கியது அது முதல்முறை அல்ல. 1821இல் சயாம் படை கெடா மீது பாய்ந்தபோது ஆயிரக்கணக்கான மலாய்க் குடும்பங்கள் பினாங்குக்கும் எதிர்க்கரை வெல்லெஸ்லி மாநிலத்துக்கும் ஓடிவந்தன. பாலிக் புலாவ் கம்பங்கள் சிலவற்றின் தோற்றத்தை உள்ளூர் மரபு அந்த அகதிகளோடுதான் சேர்த்துச் சொல்கிறது. பினாங்கில் தஞ்சமடைந்த கெடா சுல்தானைப் பிரிட்டிஷ் அரசு ஒருமுறை காத்தது, சில ஆண்டுகளில் சயாமுக்கு அனுசரணையாகவும் நடந்துகொண்டது. அரசுகளின் இரக்கம் அப்படித்தான், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். சுல்தானோடு ஓடிவந்த உழவர்கள் சதுப்பைத் திருத்தி நெல் போட்டுப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அவர்களை அப்புறம் யாரும் அகதி என்று அழைக்கவில்லை. மலைச்சரிவுகளில் ஹக்கா சீனர்கள் வந்து குடியேறினார்கள். அவர்களிடையே பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்கள் பணியாற்றி 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இயேசுவின் திருநாமத் தேவாலயம் இன்றும் பாலிக் புலாவில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஜாதிக்காயைச் சொல்லாமல் போக முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்தது. டச்சுக்காரர்களின் ஏகபோகத்தை உடைப்பது நோக்கம். ஐரோப்பியத் துரைமார் பெரிய தோட்டங்கள் போட்டார்கள். ஜாதி மரம் அவசரக்காரர்களுக்கான மரம் அல்ல. நட்டுக் காய்ப்பதற்கு ஆறேழு வருடம் ஆகும். ஆண் மரமா பெண் மரமா என்பதே பூத்த பிறகுதான் தெரியும், ஆண் மரம் என்றால் அத்தனை வருட உழைப்பும் போயிற்று. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு நோய் வந்து மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின. பெருமுதல் போட்டவர்களில் பலர் கணக்கை முடித்துக்கொண்டார்கள். ஆனால் ஜாதிக்காய் தீவைவிட்டுப் போகவில்லை. சின்னச் சின்னத் தோப்புக்காரர்கள் டுரியான், ரம்புத்தான், கிராம்பு, பாக்கு இவற்றுக்கு நடுவே நாலு ஜாதி மரத்தையும் வைத்துக் காப்பாற்றினார்கள். இன்றைக்கும் பாலிக் புலாவில் ஜாதிக்காய் ஊறலும் தைலமும் விற்கிறார்கள் என்றால் அந்த நாலு மரத்தால்தான். கலப்புத் தோப்பு என்பது விவசாய முறை மட்டும் இல்லை, வாழ்க்கை முறையும்கூட. ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்று காய்க்கும், எதுவும் ஒரு குடும்பத்தால் தின்று தீராது, காய்ப்புக் காலத்தில் கை போதாது. மிஞ்சிய பழம் வேலி தாண்டும், பக்கத்துத் தோப்பு ஆள் உதவிக்கு வருவார், கடைக்காரர் அடுத்த காய்ப்பு வரை கணக்கில் எழுதிக்கொள்வார். மலாய்க்காரர்கள் கோத்தோங் ரோயோங் என்று சொல்லும் கூட்டு உழைப்பும் தமிழர்கள் மொய் என்று எழுதிவைப்பதும் ஹக்காக்காரர் குலச் சங்கத்தில் போடும் சந்தாவும் வடிவத்தில் வேறு, உள்ளே ஒன்றுதான். 1941இல் மலையேறி வந்தவர்களுக்குக் கிடைத்த இடம், இப்படிப் பல தலைமுறையாகப் புழங்கி வந்த கொடுக்கல் வாங்கலின் நீட்சி.

இதற்கு வரும் வலுவான மறுப்பை நானே எடுத்துவைக்கிறேன். இதே பினாங்கில், 1867 ஆகஸ்டில், பத்து நாட்கள் தெருச்சண்டை நடந்தது. ஒரு பக்கம் கீ ஹின் சீனச் சங்கமும் வெள்ளைக்கொடிச் சங்கமும். மறுபக்கம் தோ பே கொங் சங்கமும் சிவப்புக்கொடிச் சங்கமும். கொடிச் சங்கங்களில் இருந்தவர்கள் மலாய்க்காரர்கள், தமிழ் முஸ்லிம்கள், கலப்பு வம்சத்து ஜாவிப் பெக்கான்கள். இந்தச் சங்கங்கள் எல்லாம் எதற்காகத் தொடங்கின? செத்தால் தூக்கிப் போட ஆள், நோய்க்கு உதவி, வந்திறங்கிய அன்றே படுக்க இடம், முஹர்ரம் ஊர்வலம். அதாவது நான் மேலே புகழ்ந்த அதே பரஸ்பர உதவி. இனம் கடந்த கூட்டணியும் அங்கே இருந்தது, சீனரும் முஸ்லிமும் தோளோடு தோள் நின்றுதான் வெட்டிக்கொண்டார்கள். பழக்கமும் பாசமும் மனிதரை நல்லவராக்கும் என்றால் 1867 எப்படி நடந்தது என்று கேட்பவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதிலை அதே 1867ஆம் ஆண்டில், கடலுக்கு அந்தப்பக்கம் தேடலாம். மே 23ஆம் தேதி தமிழகத்தின் வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். முந்தைய ஆண்டின் பஞ்சம் இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை. பார்வதிபுரத்துக் குடியானவர்கள் கொடுத்த நிலத்தில் சாலை எழுந்தது, அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. அந்தச் சாலையின் விதி எளிது: பசித்து வந்தவரிடம் சாதியோ ஊரோ கேட்கக் கூடாது. பினாங்குச் சங்கங்களின் விதி நேர் எதிர்: முதலில் பெயர், பிறகு சத்தியம், பிறகுதான் சோறு. சத்தியம் செய்து வாங்கிய உதவிக்கு விலை உண்டு, தலைவன் கைகாட்டும்போது கத்தி எடுக்க வேண்டும். வேறுபாடு அன்பின் அளவில் இல்லை, வாசலில் என்ன கேட்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. கலவரத்துக்குப் பிறகு விசாரணைக் குழு வைத்து 1869இல் சங்கங்களுக்கு எதிராகச் சட்டம் போட்டார்கள். சட்டம் தேவைதான். ஆனால் 1941இல் சட்டமே இல்லாமல் போன நாட்களில் தீவு மறுபடி கொடிகளாகப் பிரியவில்லை. இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் பள்ளியும் பத்திரிகையும் சந்தையும் சத்தியம் கேட்காத உறவுகளை வளர்த்திருந்தன என்பது என் கணிப்பு. சட்டத்தின் பங்கு எவ்வளவு, உறவின் பங்கு எவ்வளவு என்று தராசில் நிறுத்துவது எளிதல்ல.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கசப்பானது. அந்த மூன்று நாள் சரி, அதற்குப் பின் வந்த மூன்றே முக்கால் வருடம்? 1942 ஏப்ரலில் பினாங்கில் ஜப்பானியர் சீனர்களைச் சலித்தெடுத்தபோது, முகமூடி போட்ட காட்டிக்கொடுப்போர் வரிசையில் நின்றவர்களைக் கைகாட்டினார்கள். அவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள், திரும்பாதவர்கள் எண்ணற்றவர்கள். எந்த அண்டை வீட்டு அன்பும் அந்த ரயிலை நிறுத்தவில்லை. ஜப்பானியர் வாழைமரம் அச்சிட்டு வெளியிட்ட பத்து டாலர் நோட்டைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தும் அரிசி கிடைக்காத காலத்தில் பதுக்கியவர்களும் உண்டு. இதையெல்லாம் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. தினசரி அன்பு பீரங்கிக்கு மாற்று என்று யாராவது சொன்னால் அவர் போரைப் பார்க்காதவர். ஆனால் அதே காலத்தில் உயிர் பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தவர் மரவள்ளி ஊன்றினார், குச்சியை அடுத்தவருக்கு ஒடித்துக் கொடுத்தார். பேராக்கில் பாப்பான் என்ற சிற்றூரில் இலங்கைத் தமிழ் மருத்துவர் காதிகேசுவின் மனைவி சிபில், தன் மருந்தகத்துக்கு வந்த, ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களுக்கும் கட்டுப்போட்டார். பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, அதன் விளைவாகவே 1948இல் இறந்தார். அவர் செய்தது புரட்சி அல்ல. நோயாளி வந்தால் மருந்து கொடுக்கும் வழக்கத்தை, கொடுத்தால் ஆபத்து என்று ஆன பிறகும் நிறுத்தாமல் இருந்தார், அவ்வளவுதான்.

அப்படியானால் இந்த அன்பு உலகத்தை மாற்றியது என்று சொல்லலாமா? ஓர் இடத்தில் நிச்சயமாகச் சொல்லலாம். டிசம்பர் 1941இல் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்கள் பெரும்பாலும் வெளியேற்றப்பட்டுவிட்டதைப் போன்ற தொனியில் வானொலியில் பேசினார். விட்டுவிட்டுப் போனவர்கள் தங்களை மக்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதைத் தீவு காதால் கேட்டது. அதே மாதத்தில், தங்களால் ஊரை நடத்த முடியும் என்பதையும் அது கண்டிருந்தது. 1945 செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டிஷார் பினாங்கில் திரும்ப இறங்கியபோது வரவேற்பு இருந்தது, பழைய பயபக்தி இல்லை. பன்னிரண்டு ஆண்டில் மலாயா சுதந்திரம் அடைந்தது. அதற்குக் காரணங்கள் பல, அவற்றில் பெரியவை கட்சிகளும் பேரங்களும் கம்யூனிஸ்ட் கலகமும். ஆனாலும் ஆள்வோர் இல்லாமல் அரிசி பங்கிட்ட ஓர் ஊரிடம், நீங்கள் ஆளத் தகுதியற்றவர்கள் என்று சொல்வது கடினமாகிப் போனது. நகரத்தின் குழு அரசியலில் நினைவுகூரப்பட்டது. மலைக்குப் பின்னால் திண்ணை கொடுத்தவர்கள் எந்த அரசியலிலும் இடம்பெறவில்லை. பாலிக் புலாவ் ஊர் நடுவில் இருக்கும் நினைவுச்சின்னம், 1882இல் கோ சியாங் தாட் என்ற செல்வந்தர் கொடுத்த நீரூற்று. தண்ணீர் கொடுத்த பணக்காரரைக் கல் நினைவு வைத்திருக்கிறது என்பதில் குறையில்லை, கல்லுக்குப் பணம் வேண்டும்.

திண்ணை கொடுக்கும் வழக்கத்துக்குச் சோதனை அதோடு நின்றுவிடவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மலேசியாவில் 68 உயிர்களை எடுத்தது, அவற்றில் 52 பினாங்கில். புலாவ் பெத்தோங், பாசிர் பாஞ்சாங் என்று பாலிக் புலாவ் கரையோரமே கடுமையாக அடிபட்டது. 2017 நவம்பர் பெருவெள்ளத்தில் தொழுகைக்கூடங்களில் சீனக் குடும்பங்கள் தங்கின என்ற செய்தியை நாட்டின் பத்திரிகைகள் வியந்து எழுதின. வியப்பு எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நனையும்போது கதவைத் திறப்பது செய்தியாகிறது என்றால், திறக்காமல் இருப்பதுதான் இயல்பு என்று எப்போது முடிவு செய்தோம்?

கடைசியாக ஒரு சந்தேகம், இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 1941இல் பாலிக் புலாவ் கதவைத் திறக்க முடிந்ததற்கு, திறக்கும்படியான கதவுகள் அங்கே இருந்ததும் காரணம். தலைமுறையாக ஒரே இடத்தில் குடியிருப்பு, வேலியில்லாத முற்றம், தீராத கடன் கணக்கு, ஊருக்கு மிஞ்சிய விளைச்சல். இப்போது டுரியான் சீனாவுக்கு ஏற்றுமதியாகும் பணப்பயிர், விழுந்த பழத்துக்குக் காவலும் கேமராவும் உண்டு. தோப்புகள் அடுக்குமாடி வீடுகளாகின்றன. தென்கரை மீனவர்கள் எதிர்த்தும் கடலைத் தூர்த்துத் தீவு கட்டும் வேலை 2023இல் தொடங்கிவிட்டது. இதில் பலருக்கு வேலையும் வருமானமும் வருகிறது, வேண்டாம் என்று தூரத்தில் உட்கார்ந்து சொல்வது சுலபம். ஆனால் திட்ட அறிக்கைகளில் சாலைக்கும் சாக்கடைக்கும் பள்ளிக்கும் ஒதுக்கீடு எழுதுகிறவர்கள், முன்பின் தெரியாதவர் வந்து உட்காரக்கூடிய திண்ணைக்கு எந்தத் தலைப்பில் கணக்கெழுதுவார்கள் என்பதை இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.